மீட்பு என்ற சொல்லும் அம்மாவின் இரண்டு காப்பும்

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லெமினேற்றிங், ரீலோட், படிவம் நிரப்புதல், ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லுதல், இவ்வளவும்தான் தொழில். கொஞ்ச நாளைக்கு முன் நகை அடைவு பிடிக்கிற ஒரு இடத்திலிருந்து ஒரு தம்பி அறிவித்தல் ஒன்றை அச்சடிக்கக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைப் போனில் போட்டுத் தமிழாக்கி வைத்திருந்தார். அதில் முதல் வரி இப்படி: "தங்கள் நகைகளின் இரட்சிப்புக்கான இறுதி நாள்."

நான் சிரித்தேன். அவர் கோபித்துக்கொண்டார். "ஏன் அண்ணை, ரிடெம்ஷன் எண்டால் இரட்சிப்புத்தானே, டிக்சனரியிலயும் இருக்கு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இரட்சிப்பும் இருக்கிறது, மீட்பும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் காப்புக்கும் சங்கிலிக்கும் இரட்சிப்புக் கிடையாது. அடைவு வைத்ததை மீட்கலாம், இல்லாவிட்டால் அறுதியாய்ப் போகும். இரண்டே வழிதான்.

"மீட்கும் கடைசித் திகதி" என்று மாற்றி அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகும் சொல் மட்டும் போகவில்லை. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரங்களில் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், கூடவே அடைவு விசயத்தில் நான் பட்டு அறிந்த சிலதையும்.

மீள் என்பதுதான் வேர். நானே திரும்பி வந்தால் மீண்டேன், இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மீட்டேன். 'மீண்டும்' என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம், அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான், யோசித்துப் பார்த்தால் திரும்பவும் வந்து என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோதனைக்கு முன் பாடத்தை மீட்டுகிறார்கள். போர் முடிந்து முகாமிலிருந்து வந்த எங்களை மீள்குடியேற்றம் என்ற தலைப்பின் கீழ்க் கொப்பியில் பதிந்தார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வள்ளத்தில் வந்து ஆட்களை ஏற்றியது மீட்புப் பணி. பேப்பரைத் திறந்தால் சடலம் மீட்பு, கஞ்சா மீட்பு, வெடிபொருள் மீட்பு. ஒரே பக்கத்தில் கஞ்சாவும் ஆளும் மீட்கப்படுகிற பாஷை எங்களுடையது.

சரி, காப்புக் கதைக்கு வருகிறேன்.

2012 கடைசியில் ஊருக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும், தண்ணீர் மோட்டர் வேண்டும், மேலே போடக் கூரைத் தகடு வேண்டும். அம்மாவிடம் இரண்டு காப்பு இருந்தது, இரண்டும் சேர்த்து மூன்றரைப் பவுண். இடப்பெயர்வு முழுக்க அதை அவ பழைய பால்மா ரின்னுக்குள் போட்டுச் சீலையால் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவ. அந்தக் காப்பைக் கார்த்திகை மாதம் ஒரு அடைவு பிடிக்கிற இடத்தில் வைத்தோம். பவுணுக்கு நாற்பதாயிரம், மொத்தம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் தந்தார்கள். தவணை ஒரு வருசம்.

நான் செய்த முதல் பிழை அந்த மாதம். வன்னியில் காசு எப்போது கையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலபோகம் ஐப்பசி கார்த்திகையில் விதைப்பு, மாசி பங்குனியில் வெட்டு. விதைப்புக் காலத்தில் ஊரே நகையை வைக்கும், வெட்டு முடிந்ததும் ஊரே மீட்கும். நான் கார்த்திகையில் வைத்து அடுத்த கார்த்திகை வரைக்கும் தவணை வாங்கினேன். அதாவது ஊரில் எவரிடமும் கைமாற்றுக்குக்கூட ஒரு சதம் இல்லாத மாதத்தில் எனக்குக் காசு தேவைப்படுகிற மாதிரி நானே ஒழுங்கு பண்ணிவைத்தேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். தவணை எத்தனை மாதம் என்று பார்க்காதே, அது எந்த மாதத்தில் வந்து முடிகிறது என்று பார். வெட்டுக்குப் பிறகு முடிகிற மாதிரிப் போட முடியாவிட்டால், வெட்டு முடிந்த கையோடு வட்டியையும் முதல் காசில் ஒரு பங்கையும் கட்டிப் புதுப்பித்து விடு.

இரண்டாவது எனக்குத் தெரியாத ஒன்று. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை இரண்டு மூன்று நாளில் படுத்துவிட்டது. பேப்பரில் வாசித்தேன்தான், ஆனால் அதற்கும் எங்கள் அம்மாவின் காப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். கார்த்திகையில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் என்று போனால், இப்போது பவுணுக்கு முப்பத்திரண்டாயிரம்தான் தரலாம் என்கிறார்கள். அப்படியென்றால் வட்டியோடு பவுணுக்கு எட்டாயிரப்படி வித்தியாசத்தையும் நான் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட வந்தது, அதைக் கட்டினாலும் காப்பு வீட்டுக்கு வராது. நான் கொண்டுபோனது இருபத்திரண்டாயிரம்.

அறிவித்தல் கடிதம் பதிவுத் தபாலில் வந்ததாம். வைக்கும்போது நான் கொடுத்தது முகாமிலிருந்து வந்ததும் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டு விலாசம். அவர்களும் அதற்கிடையில் இடம் மாறிவிட்டார்கள். கடிதம் எங்கே போனதோ. வீடு மாறினால் கிராம சேவையாளரிடம் பதிய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அடைவு வைத்த இடத்தில் போய் விலாசம் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. போன் இலக்கமும் அப்படித்தான், சிம் மாற்றினால் அங்கேயும் சொல்லுங்கள்.

இன்னும் பத்து நாள் இருந்தது, அதற்குப் பிறகு ஏலம். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அவ எப்படியோ அறிந்து தன் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறா. மாமா மல்லாவியில் இருக்கிறார். மூன்றாம் நாள் மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் வந்து, மாறி மாறி பஸ் ஏறிப் பின்னேரம் வந்து இறங்கினார். ஒரு சொப்பிங் பையில் காசு. வட்டியும் முதலுமாக மீட்கப் போதுமான காசு.

"ஏது மாமா இவ்வளவு?"

"நாலு நாம்பனைக் குடுத்திட்டன்."

அந்த மாடுகளின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. போருக்கு முன் மாமாவிடம் ஒரு பட்டி மாடு இருந்தது. இடம்பெயரும்போது கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் எல்லோரும் போனோம். திரும்பி வந்தபோது காடு முழுக்கச் சொந்தக்காரன் இல்லாத மாடுகள் காட்டு மாடு மாதிரி வெருண்டு திரிந்தன. மாமா மாதக்கணக்கில் குளக்கட்டு குளக்கட்டாகப் போய் நின்று குறி பார்த்தார். வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவது, பின் தொடையில், குடும்பத்துக்கு ஒரு குறி. தன்ர குறி கண்ட மாட்டைச் சாய்த்துக்கொண்டு வருவார். அதைத் தங்களுடையது என்று உரிமை கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள், குறிக்கு மேல் புதுக் குறி சுட்டவர்களும் இருந்தார்கள். எண்பதுக்கு மேல் இருந்த பட்டியில் பதினொன்றுதான் கிடைத்தது. அந்தப் பதினொன்று பெருகிய பெருக்கத்தில்தான் இந்த நாலு நாம்பன். பழந்தமிழில் பகைவன் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போகிறவன் கரந்தைப் பூச் சூடுவான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், அப்படி மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல்லும் உண்டு. மாமா பூ ஒன்றும் சூடவில்லை. தோளில் ஒரு துவாய், கையில் ஒரு தடி. ஆனால் செய்தது அதே வேலைதான்.

இப்படி மாட்டை மீட்டு அந்த மாட்டைக் கொடுத்துக் காப்பை மீட்டார். அடுத்த நாள் காலை மூன்று பேரும் போனோம். சீட்டை நான் அம்மாவின் பெயரில் வைக்காமல் என் பெயரில் வைத்திருந்ததால் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். இது நல்லதா கெட்டதா என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தகப்பன் தன் பெயரில் மனைவியின் சங்கிலியை வைத்திருக்கிறார், தவணைக்கு இடையில் தவறிவிட்டார். சங்கிலி தன்னுடையதுதான் என்று அந்த அக்காவுக்குத் தெரியும், சீட்டுக்குத் தெரியாது. மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் சம்மதக் கடிதம் என்று நாலைந்து தரம் கொப்பி எடுக்க என்னிடம் வந்தா. ஆகவே நகை யாருடையதோ அவரே போய் அவர் பெயரில் வைப்பது நல்லது. சீட்டை வாங்கும்போது எத்தனை கிராம், எத்தனை கரட், என்ன நகை என்று எழுதியிருப்பதை அங்கேயே நின்று வாசியுங்கள். நகையையும் சீட்டையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

காப்பைக் கையில் கொடுத்ததும் அம்மா தராசைப் பார்க்கவில்லை. இரண்டையும் திருப்பித் திருப்பி உள்பக்கத்தைத் தடவினா. ஒரு காப்பில் நெளிவு ஒன்று இருக்கிறது, நான் குழந்தையாக இருந்தபோது கடித்ததாம். அது இருந்தது. பிறகுதான் கையில் போட்டா.

இனி மற்றச் சொல்லுக்கு வருகிறேன். இரணைப்பாலையிலிருந்து ஒரு அக்கா கோவில் செபத் தாள்கள் அடிக்க வருவா. கத்தோலிக்கர். அவவின் தாளில் எங்கும் மீட்பர், மீட்பு. இன்னொரு சபைப் பாஸ்டர் வருவார், அவரின் தாளில் எங்கும் இரட்சகர், இரட்சிப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு முறை அக்காவின் தாளில் நான் இரட்சகர் என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். அக்கா விடவில்லை. "தம்பி, இரட்சிக்கிறது எண்டால் காப்பாத்திறது. ஆரும் ஆரையும் காப்பாத்தலாம். மீட்கிறது எண்டால் தன்ரயைக் காசு குடுத்து எடுக்கிறது. உதை மாத்தித் தாங்கோ."

இறையியல் எனக்குத் தெரியாது, ஆனால் சொல் விசயத்தில் அக்கா சொன்னது சரி. இரட்சித்தல் வடமொழி வழி வந்தது, காத்தல் என்று பொருள். அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் இலத்தீனில் திரும்ப வாங்குதல் என்றுதான் வரும். பழைய ஏற்பாட்டுச் சட்டத்தில் ஒருவன் வறுமைப்பட்டுக் காணியை விற்றால் நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும் என்று இருக்கிறது. ரூத்தின் கதையில் அதுதான் நடக்கிறது. முதல் உரிமையுள்ள உறவினன் தனக்கு நட்டம் வரும் என்று பின்வாங்கிச் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறான், போவாஸ் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களைச் சாட்சி வைத்து மீட்கிறான். அக்கா இதைச் சொல்லச் சொல்ல எனக்கு மாமாவும் சொப்பிங் பையும்தான் கண்ணுக்குள் நின்றது.

எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் அதை எழுத்தில் தொகுத்தார்கள். அதில் ஒற்றி என்று ஒரு முறை, இன்றைக்கும் ஊரில் நடப்பதுதான். காணியைக் கொடுத்துக் காசு வாங்குவது, வட்டி கிடையாது, ஒற்றி பிடித்தவர் விளைச்சலை எடுப்பார், அதுதான் வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். காணி விற்கிறதென்றால் பங்காளிக்கும் உரித்துள்ளவர்களுக்கும் முதலில் கேட்கும் உரிமை இருக்கிறது. வெளியாள் கைக்குப் போக முன் சொந்தம் எடுக்க வேண்டும் என்ற அதே நினைப்பு.

ஒற்றி விசயத்தில் வன்னிக்காரர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் உறுதிக் காணிதான், அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணிதான், அதிகம். எங்கள் பக்கம் பெரும்பாலும் பெர்மிற் காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இருந்தும் கொப்பித் தாளில் எழுதி முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்து ஒற்றி கொடுக்கிறார்கள். என் கடையில் வந்து அப்படி எழுதித் தரச் சொல்வார்கள். நான் மாட்டேன் என்பேன். அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது, காசு கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, காணி கொடுத்தவருக்கும் இல்லை. முதலில் காணி உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். சிலர் பக்கத்துக் கடையில் போய் எழுதுவிப்பார்கள், அதற்கு என்ன செய்ய. உறுதிக் காணி என்றால் நொத்தாரிசிடம் எழுதுங்கள், கிணறும் தென்னையும் புதிதாக வைத்தால் அதற்கு யார் காசு என்றும் அதில் எழுதுங்கள், மீட்ட பிறகு அந்த மீட்பையும் காணிப் பதிவகத்தில் பதிவியுங்கள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதியாமல் விட்ட ஒருவரின் பிள்ளைகள் இப்போது கோட்டுக்கு நடக்கிறார்கள்.

காணி என்றதும் இன்னொரு சொற்சண்டை ஞாபகம் வருகிறது. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புச் சனம், படையினர் வைத்திருந்த தங்கள் காணியின் வாசலில் குந்தியது. இரவும் பகலும், குழந்தைகளோடு. மார்ச் முதலாம் திகதி உள்ளே போனார்கள். அதிகாரிகளின் அறிக்கைகளில் அது காணி விடுவிப்பு. சனத்தின் வாயில் அது காணி மீட்பு. விடுவிப்பு என்றால் வைத்திருந்தவர் விட்டார், நன்றி சொல்ல வேண்டும். மீட்பு என்றால் எங்களுடையது, நாங்கள் எடுத்தோம். ஒரே வேலி, ஒரே நாள். அந்தக் கிழமை அவர்களுக்கு நான் அடித்துக் கொடுத்த கடிதங்களில் எந்தச் சொல் போடுவது என்று ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

2025 மே மாதமும் அந்தச் சொல் பேப்பரில் வந்தது. போர் முடிந்த காலத்தில் வன்னியில் எடுத்து இராணுவம் வைத்திருந்த நகைகளில் ஒரு தொகுதியைப் பொலிசாரிடம் ஒப்படைத்தார்கள். மீட்கப்பட்ட நகைகள் என்று செய்தி. வன்னியில் அந்தக் காலத்தில் சனம் நகை வைத்தது பெரும்பாலும் தமிழீழ வைப்பகத்தில், புலிகள் நடத்திய வங்கி அது, 1994 இல் தொடங்கியது. கிளிநொச்சியிலோ இங்கேயோ கட்டடங்கள் விழுந்தபோது சீட்டு சனத்தின் கையில், நகை எங்கேயோ. மீட்கப்பட்டது என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு மாமாவின் பட்டி ஞாபகம் வந்தது. மாட்டைக் காட்டில் கண்டவன் மீட்டவன் ஆகமாட்டான். குறிக்காரன் கைக்கு வந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும், அதுவரைக்கும் கண்டெடுத்தது என்று எழுதலாம்.

அந்தக் கிழமை கடைக்கு வயதான ஒரு அம்மா வந்தா. முந்தானையை அவிழ்த்து, ரிசு பையை அவிழ்த்து, அதற்குள் இன்னொரு பையை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தா. மடிப்பில் நாலாகக் கிழிந்த வைப்பகச் சீட்டு. மை மங்கியிருந்தது, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். பதக்கஞ் சங்கிலி ஒன்று, தோடு ஒரு சோடி. பெயர் அவவுடையது.

"இதை வைச்சு எடுக்கலாமே தம்பி?"

தெரியாது என்றேன். பொலிசில் கேட்கலாம், பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், எதற்கும் கொப்பி மட்டும் கொடுங்கள், இந்தச் சீட்டை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம் என்றேன். லெமினேற் பண்ணவும் பயமாக இருந்தது, சூட்டில் இருக்கிற மையும் போய்விட்டால். பழைய சீட்டுகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், முதலில் நிறக் கொப்பி எடுத்து அந்தக் கொப்பியை லெமினேற் பண்ணுங்கள், அசலைக் காற்றுப் படாத பையில் வையுங்கள்.

மூன்று நிறக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சில்லறையை எண்ணி மேசையில் வைத்தா.

"வட்டி எவ்வளவு வந்திருக்கும் தம்பி, இவ்வளவு வருசத்துக்கும்? கேட்டால் கட்டத்தானே வேணும்."